குச்சவெளிக் கரையிலிருந்து கோணமலை நகருக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் ஏறத்தாழ 34 கிலோமீற்றர் வடக்கே, ஒருபுறம் வங்காள விரிகுடாவும் மறுபுறம் களப்பும் வயலும் பற்றைக்காடும் அமைய நீண்டு கிடக்கும் மணற்கரையில் குச்சவெளி என்னும் ஊர் இருக்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்து, கடற்றொழிலையும் வேளாண்மையையும் நம்பிப் பிழைக்கும் இவ்வூரின் பெயரையே நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி, திரியாய், புல்மோட்டை முதலிய ஊர்களை உள்ளடக்கிய பிரதேச செயலகப் பிரிவும் தாங்கியுள்ளது. திருகோணமலையைக் காண வருவோரில் பெரும்பாலோர் கோணேசர் கோயிலுக்கு ஏறி வணங்கி, நிலாவெளிக் கடலில் குளித்து, புறாத்தீவுக்குப் படகேறித் திரும்பிவிடுகின்றனர். இவ்வாறு வருவோருக்கு நகரின் அழகு தெரிகின்றது. அந்நகரை உருவாக்கிய கரை தெரிவதில்லை. துறைமுகத்தாலும் கோயிலாலும் கோட்டையாலும் பெயர்பெற்ற திருகோணமலையின் வரலாறு நகர எல்லைக்குள் அடங்குவதன்று. குச்சவெளியில் தங்கி, வடக்கே திரியாயைப் பார்த்து, பின்னர் கரைவழியே தெற்கு நோக்கி வந்து நகருக்குள் நுழையும் பயணிக்கே அது தன் முழு உருவத்தைக் காட்டும்.

குச்சவெளியின் கடற்பாறை

குச்சவெளியில் கடலை நோக்கி நீண்டிருக்கும் பாறை முனையொன்றில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. இலங்கைக் கல்வெட்டியலின் முன்னோடிகளுள் ஒருவரான செனரத் பரணவிதான இதனைப் படித்து வெளியிட்டார். எழுத்தமைதியைக் கொண்டு இது கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படுகின்றது. அரசர் பெயரையோ போர் வெற்றியையோ கூறாத இக்கல்வெட்டு, தான் ஈட்டிய புண்ணியத்தின் பயனாக உலகத்து உயிர்களின் துன்பம் நீங்கவேண்டும் என்றும், தான் புத்தநிலையை அடையவேண்டும் என்றும் ஒருவர் கொண்ட விருப்பத்தைச் செய்யுள் வடிவில் கூறுகின்றது. எல்லா உயிர்களையும் கரையேற்றும்பொருட்டுப் புத்தநிலையை நாடுவதே மகாயானம் எனப்படும் பௌத்தப் பிரிவின் அடிப்படை நோக்கமாதலால், இக்கரையில் அப்பிரிவைச் சார்ந்தோர் வாழ்ந்தமைக்கு இது சான்றாகின்றது. கல்வெட்டின் அருகே கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட சதுரமொன்றில் சிறுசிறு தூபி உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. புத்தரின் அல்லது அடியார்களின் எச்சங்களை உள்ளே வைத்துக் கட்டப்படும் அரைக்கோள வடிவக் கட்டடமே தூபி எனப்படும். அதனைக் கட்ட இயலாத இடத்தில் அதன் உருவத்தைக் கல்லில் செதுக்குவதும் புண்ணியமாகவே கொள்ளப்பட்டது.

உப்புக்காற்றும் மழையும் நூற்றாண்டுக்கணக்கில் அரித்த எழுத்துகளை உச்சி வெயிலில் காண்பது கடினம். சூரியன் சாய்வாக விழும் காலையிலும் மாலையிலும் கீறல்களுக்குள் நிழல் தங்குவதால் எழுத்தின் வளைவுகள் துலங்கித் தெரிகின்றன. அதற்கு அப்பால் கரைவலைக்காரர் வலை இழுக்கும் மணல் தொடங்குகின்றது. கரைவலை என்பது கரையில் ஒரு கயிற்றின் நுனியை விட்டுவிட்டு, தோணியில் வலையை ஏற்றிச்சென்று, கடலில் வளைத்துப் போட்டு, மறுநுனியைச் சற்றுத் தள்ளிக் கரைசேர்த்து, இரு அணியினர் இருபுறமும் நின்று இழுக்கும் முறையாகும். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றை ஒன்று நெருங்கிவர, இறுதியில் வலையின் நடுவிலுள்ள பை போன்ற மடி மணலில் ஏறுகின்றது. அதனுள் சூடை, நெத்தலி, கீரி, பாரை எனப் பட்டதெல்லாம் துள்ளுகின்றன. வலைக்கும் தோணிக்கும் முதல் போடுபவர் சம்மாட்டி எனப்படுகின்றார். இழுப்போர் பிடிபட்டதற்கேற்பப் பங்கு பெறுகின்றனர். இழுவையின் சீருக்கு ஏற்பப் பாடப்பட்ட அம்பாப் பாட்டு, உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலி கயிற்றை இழுக்கத் தொடங்கிய இடங்களில் அருகி வருகின்றது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே கரைவலை நடைபெறும். வாடைக்காற்று எழுந்து கடல் குமுறத் தொடங்கினால் தோணிகள் மேட்டுக்கு ஏற்றப்பட்டு, கரையிலுள்ள வாடிகள் வெறிச்சோடிவிடும்.

திரியாயும் புல்மோட்டையும்

குச்சவெளிக்கு வடக்கே, நகரிலிருந்து ஏறத்தாழ 47 கிலோமீற்றர் தொலைவில் திரியாய் உள்ளது. வயல்களுக்கும் குளத்துக்கும் அப்பால் காடு மூடிய குன்றொன்றின் உச்சியில் கிரிஹண்டு சேய எனச் சிங்களத்தில் வழங்கும் பழைய தூபி காணப்படுகின்றது. நடுவே தூபியும், அதனைச் சுற்றி வட்டவரிசைகளில் கற்றூண்களும், அவற்றை வளைத்த மதிலும், நாற்றிசை வாயில்களில் காவற்கற்களும் அமைந்த இவ்வகைக் கட்டடத்தை வட்டதாகே என்பர். தூண்களின்மேல் ஒருகாலத்தில் மரத்தாலான கூரை இருந்தது. பௌத்த மரபின்படி, புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதலில் உணவளித்த தபஸ்ஸு, பல்லுக என்னும் வணிகர் இருவர் அவரிடமிருந்து தலைமயிர் இழைகளைப் பெற்றனர் என்றும், அவற்றை வைத்தே இத்தூபி எழுப்பப்பட்டது என்றும் நம்பப்படுகின்றது. குன்றிலுள்ள பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டும் இத்தூபியை வணிகக் குழுவினரோடு தொடர்புபடுத்திப் பேசுகின்றது. பல்லவ கிரந்தம் என்பது தமிழகத்தில் வடமொழியை எழுதுவதற்குப் பயன்பட்ட எழுத்துமுறையாகும். 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் காஞ்சியிலும் மாமல்லபுரத்திலும் எழுதிய அதே கை மரபு கடல் கடந்து திரியாய்க் குன்றிலும் எழுதியிருக்கின்றது என்பதை இங்கு நேரில் காணலாம்.

வணிகர் பெயரால் ஒரு குன்று புனிதம் பெற்றமை தற்செயலானதன்று. வடகீழ்ப் பருவக்காற்றைப் பிடித்து வங்காள விரிகுடாவின் மேற்கரையிலிருந்து தெற்கே இறங்கும் பாய்க்கப்பல்களுக்கு, தாழ்ந்த மணற்கரையில் தூரத்திலிருந்தே தெரியும் குன்றுகள் வழிகாட்டும் குறிகளாக அமைந்தன. திரியாய்க் குன்று, குச்சவெளிப் பாறைமுனை, கோணேசர் கோயில் நிற்கும் கோணமலை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்கும் பயணி, இக்கரை முழுவதும் ஒரு பெரிய துறையின் நீட்சியாக இயங்கியிருக்கவேண்டும் என்பதை எளிதில் உணர்வார். அதற்கும் வடக்கே, கொக்கிளாய்க் களப்பை நெருங்கும் புல்மோட்டையின் கரைமணல் கரிய நிறமுடையது. இல்மனைற்று, உரூட்டைல், சேர்க்கன் என்னும் கனிமங்கள் செறிந்த இம்மணலை அரச நிறுவனமொன்று அகழ்ந்து ஏற்றுமதி செய்கின்றது. இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே உலகெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் பூசப்படும் வெண்ணிற வர்ணத்தின் அடிப்படையாகும்.

இறக்கக்கண்டியிலிருந்து நிலாவெளி வரை

குச்சவெளியிலிருந்து தெற்கு நோக்கித் திரும்பினால் வீதி கடலையும் களப்பையும் மாறிமாறிக் காட்டிக்கொண்டு செல்கின்றது. இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்று பார்ப்போர், ஆழமற்ற களப்புநீர் கடலோடு கலக்கும் வாயையும், அதன் ஓரத்தில் வண்ணம் பூசிய படகுகளையும், சேற்றில் இரைதேடும் நாரைகளையும் காணலாம். பெரிய கரைச்சி, சின்னக் கரைச்சி எனப்படும் உவர்நீர்ப் பரப்புகளும், உப்பு விளையும் அளங்களும் இப்பகுதியின் நிலத்தோற்றத்தை அமைக்கின்றன. இவ்வூர்களின் அண்மைக்கால வரலாறு துயரம் மிக்கது. 1980களிலும் 1990களிலும் போரினால் இக்கரையின் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் வீடுகளையும் தோணிகளையும் அள்ளிச்சென்றது. 2009இல் போர் முடிந்த பின்னரே வீதியும் பாலங்களும் சீர்பெற்று வெளியூரார் அச்சமின்றி வரத் தொடங்கினர். கடற்கரை விடுதிகளின் ஒளியைக் காணும் பயணி, அவ்விடுதிகளுக்கு இடையே மீண்டும் எழுந்து நிற்கும் சிறு வீடுகளையும் மதிப்போடு நோக்கவேண்டும்.

நிலாவெளி இன்று வெண்மணலுக்கும் ஆழமற்ற தெளிந்த நீருக்கும் பெயர்பெற்றிருப்பினும், வரலாற்று மாணவருக்கு அது வேறொரு காரணத்தால் முதன்மையானது. இங்கு கிடைத்த சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டொன்று, கோணமலையிலுள்ள மச்சகேச்சுரம் என்னும் சிவன் கோயிலின் நாள்வழிபாட்டுக்காக 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகின்றது. வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் கொண்ட பழைய நில அளவையாகும்; அதன்படி இக்கொடை 1,600 ஏக்கருக்கு மேற்பட்டது. கோணமலை உச்சியில் விளக்கு எரியவும் அமுது படைக்கவும் வேண்டிய நெல் நகருக்கு வெளியே உள்ள நிலங்களிலேயே விளைந்தது என்பதை இக்கொடை எடுத்துக்காட்டுகின்றது. கோயிலும் ஊர்களும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தன என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலாவெளிக்கு நேரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு உள்ளது. பெரியதும் சிறியதுமாக இரு பாறைத்தீவுகளைக் கொண்ட இவ்விடம், பாறையிடுக்குகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால் பெயர்பெற்று, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளில் வண்ணமீன்களும் கடலாமைகளும் துடுப்பு நுனி கருத்த சிறு சுறாக்களும் வாழ்கின்றன. பவளம் என்பது உயிரற்ற கல்லன்று. மிகச்சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் வீடாகும். மனிதர் கால் வைத்து மிதித்தால் பல ஆண்டுகளின் வளர்ச்சி ஒரு கணத்தில் நொறுங்கிவிடும். ஆதலால் மிதந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும், உடைந்த துண்டைக்கூட எடுத்து வராதிருப்பதும் இங்கு வருவோரின் கடமையாகும்.

கன்னியாவும் இராசராசப் பெரும்பள்ளியும்

நகரை அடைவதற்குமுன் உள்நாடு நோக்கி ஒருநாள் திரும்புவது இப்பயணத்தை நிறைவாக்கும். நகருக்கு வடமேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே உள்ளன; ஆழம் குறைந்த இவற்றின் நீர் கிணற்றுக்குக் கிணறு வேறுபட்ட வெப்பமுடையது. தாயின் ஈமக்கடன் ஆற்ற நீர் வேண்டி இராவணன் வாளால் நிலத்தைக் குத்தியபோது இவை தோன்றின என்பது மக்கள் வழக்கு. அக்கதையின் தொடர்ச்சியாகவே, இறந்தோருக்கு 31ஆம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியையையும் ஆடி அமாவாசைப் பிதிர்க்கடனையும் நிறைவேற்றத் தமிழ்ச் சைவர்கள் இங்கு வருகின்றனர். மழைநீர் நிலத்துக்குள் மிக ஆழமாக இறங்கி, அங்குள்ள வெப்பத்தை ஏற்று, பாறைப் பிளவுகளின் வழியே மேலேறி வருவதே இத்தகைய ஊற்றுகளின் இயல்பு.

கன்னியாவுக்கு அப்பால், பெரியகுளத்தை அண்டிய காட்டில் வெல்கம் விகாரை உள்ளது. தமிழர் இதனை நாதனார் கோயில் என்றும் வழங்கினர். சோழர் ஆட்சி இலங்கையில் நிலைபெற்ற 11ஆம் நூற்றாண்டில், ஏற்கெனவே இருந்த இப்பௌத்த விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. பள்ளி என்னும் சொல் பழந்தமிழில் பௌத்தர், சமணர் ஆகியோரின் வழிபாட்டிடத்தையும் உறைவிடத்தையும் குறிக்கும். இங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள், இராசராசன், இராசேந்திரன் ஆகிய சோழ மன்னர்களின் காலத்தில், தமிழ்ப்பெயர் தாங்கிய தனிமனிதர்கள் விளக்கெரிப்பதற்குப் பசுக்கள் முதலியவற்றை இப்பள்ளிக்கு வழங்கிய செய்தியைக் கூறுகின்றன. சைவ மன்னர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் கொடை எழுதப்பட்டிருக்கின்றது. திருகோணமலைத் தொல்லிடங்கள் யாருக்கு உரியவை என்பது குறித்து அண்மைக்காலத்தில் எழுந்துள்ள வாதங்களுக்கும் வழக்குகளுக்கும் நடுவே, இக்கல்வெட்டுகளை நின்று நிதானமாகப் படிப்பது மிகவும் இன்றியமையாதது. மதம் ஒன்று, மொழி ஒன்று, இனம் ஒன்று எனப் பிற்காலத்தார் வகுத்த கோடுகளை இக்கல்வெட்டுகளை எழுதுவித்தோர் அறிந்திருக்கவில்லை.

கோணமலையும் கோட்டையும்

திருகோணமலை நகரம், கடலுக்குள் நீண்ட ஒரு முனையின் கழுத்தில் தொடங்குகின்றது. கழுத்தை அடைத்தாற்போல் பிரெட்ரிக் கோட்டையும், முனையின் நுனியில், கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறையின்மேல் திருக்கோணேச்சரமும் அமைந்துள்ளன. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றதால் இது பாடல்பெற்ற தலம் எனப்படுகின்றது; தேவார ஆசிரியர் மூவராலோ அவருள் ஒருவராலோ பாடப்பட்ட கோயில்களையே அத்தொடர் குறிக்கும். இலங்கையில் இச்சிறப்பைப் பெற்றவை மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரமும் இதுவுமாகிய இரண்டே. சம்பந்தர் கடல்கடந்து வராது இராமேச்சரத்தில் நின்றே இத்தலத்தைப் பாடினார் என்பது மரபு. இறைவி மாதுமையாள் என வழங்கப்படுகின்றாள். கோயிலைக் கட்டித் திருப்பணி செய்தவனாகக் குளக்கோட்டன் என்னும் மன்னனைக் கோணேசர் கல்வெட்டு முதலிய தமிழ் நூல்கள் போற்றுகின்றன. குளமும் கோட்டமும் அமைத்தவன் என்னும் பெயரோடு, கந்தளாய்க் குளத்தையும் கோயில் நிர்வாகத்தையும் இணைத்து அவை பேசுகின்றன.

1622 முதல் 1624 வரையான காலத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே முனையின் கழுத்தில் கோட்டை கட்டினான். தப்பிய திருவுருவங்களுள் சில தம்பலகாமத்துக்கு எடுத்துச்செல்லப்பட்டு அங்கு ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. வேறு சில நிலத்தில் புதைக்கப்பட்டன. கோட்டை வாயிலைக் கடக்கும் பயணி வலப்புறமும் இடப்புறமும் கூர்ந்து நோக்கினால், சுவரில் பதிந்த கல்லில் இணைக்கயல் உருவத்தையும், சிதைந்த தமிழ் எழுத்துகளையும் காணலாம். இணைக்கயல் பாண்டியரின் சின்னமாகும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் இத்துறைவரை வந்து தம் சின்னத்தைப் பொறித்த கல், நானூறு ஆண்டுகளின்பின் பறங்கியரின் கோட்டைக்கு வாயிற்கல் ஆயிற்று. எழுத்துகள், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என முன்னுரைக்கும் தமிழ்ச் செய்யுளொன்றின் பகுதி எனக் கருதப்படுகின்றன. மனித உயரத்தில், கை எட்டும் தொலைவில் இருக்கும் இக்கல்லைக் கவனியாமல் நாள்தோறும் பலர் கடந்து செல்கின்றனர்.

இக்கோட்டை கைமாறிய வரலாறு, இந்து சமுத்திரத்தில் ஐரோப்பியர் நடத்திய போட்டியின் சுருக்கமாகும். 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து போர்த்துக்கேயரை வெளியேற்றினர். 1672இல் பிரெஞ்சுக்காரர் சிறிதுகாலம் துறைமுகத்தில் காலூன்றினர். 1782 சனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரனும் கோட்டையைக் கைப்பற்ற, செப்டெம்பர் 3ஆம் நாள் இருதரப்புக் கப்பல்களும் துறைக்கு வெளியே மோதின. உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தருக்குத் திரும்பிய கோட்டை 1795இல் ஆங்கிலேயர் வசம் நிலையாகச் சென்றது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகனாகிய யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர் 1803இல் அதற்கு இடப்பட்டது. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லஸ்லி தங்கிய இல்லம் இன்றும் கோட்டைக்குள் உள்ளது. படையினரின் முகாம் உள்ளே இயங்கினாலும் கோயிலுக்குச் செல்லும் பாதை யாவருக்கும் திறந்திருக்கின்றது. அப்பாதையின் இருபுறமும் பழைய ஆலமரங்களின் நிழலில் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன.

இடிக்கப்பட்ட கோயில் முற்றாக மறையவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் வெறும் பாறையையே வணங்கி வந்தனர். 1950இல் நகரசபைப் பணியாளர்கள் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையின் அடிக்கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களும் பிற கட்டடக் கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டனர். வில்சன் இலிங்கமொன்றையும் மீட்டெடுத்தார். பின்னாளில் அறிவியற் புனைகதையால் உலகப்புகழ் பெற்ற கிளார்க் இவ்வனுபவங்களை 1957இல் நூலாக எழுதினார். ஊர்மக்களின் முயற்சியால் மீளக் கட்டப்பட்ட கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. இன்று சிவராத்திரியை ஒட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது வீடுதோறும் நிறைகுடம் வைக்கப்படுகின்றது. பாறையின் விளிம்பில் இராவணன் வெட்டு எனப்படும் ஆழ்ந்த பிளவும், அருகே 1687ஆம் ஆண்டைத் தாங்கிய பிரன்சினா வான் ரீடே என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரோடு தொடர்புடைய தூணும் உள்ளன. காதலன் கப்பலேறியது கண்டு அவள் பாய்ந்து மாண்டாள் எனக் கதை வழங்குகின்றது. அக்கதைக்குரிய தூணும் இடிந்த கோயிலின் தூணே.

துறைமுகம்

மலையிலிருந்து மேற்கே நோக்கினால் உள்துறைமுகமும், தெற்கே கொட்டியாறு விரிகுடாவும் தெரிகின்றன. இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை கொட்டியாற்றில் கடலோடு கலக்கின்றது. அதன் வாயிலிருந்து கடலடியில் பெரும்பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடல்வரை நீள்வதால் கரைக்கு அண்மையிலேயே நீலத்திமிங்கிலங்களைக் காணமுடிகின்றது. எக்காற்றிலும் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்கத்தக்க ஆழமும், மலைகளால் சூழப்பட்ட ஒதுக்கிடமும் ஒருங்கே வாய்த்தமையே இத்துறையை இயற்கைத் துறைமுகங்களின் முதல்வரிசையில் வைத்தது. கொட்டியாற்றுக் கரையிலுள்ள மூதூரில், புயலில் சேதமுற்ற ஆன் என்னும் கப்பலோடு ஒதுங்கிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பும்வரை சிறைவாழ்வு வாழ்ந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் 17ஆம் நூற்றாண்டு இலங்கையை அறிய இன்றும் துணைபுரிகின்றது. 1817இல் மும்பையில் தேக்குமரத்தால் கட்டப்பட்ட திருகோணமலை என்னும் போர்க்கப்பல், இத்துறையின் பெயரைத் தாங்கி இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கின்றது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் இளைய சகோதரரும் கடற்படைத் தளபதியுமாகிய சார்ல்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் நோயுற்று இறந்து இந்நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலை இன்றியமையாத தளமாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. துறையிலிருந்து விலகித் தெற்கே சென்ற ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவின் காட்டில் வரிசைவரிசையாக நிற்கும் பேருருவ எண்ணெய்க் குதங்களுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. நிலாவெளி வீதியோரத்தில் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஒழுங்காகப் பேணப்படுகின்றது. குச்சவெளியிலிருந்து நகருக்கு வரும் பேருந்து அதன் வாயிலைக் கடந்தே செல்வதால், அங்கு இறங்கிப் பல நாட்டு இளைஞர்களின் வயதைக் கல்லில் படிப்பது எளிது.

சிரக்கூசா தரும் பாடம்

ஒரே கல் பல காலத்துக்கும் பல சமயத்துக்கும் உழைத்தமை திருகோணமலைக்கு மட்டும் உரிய வரலாறன்று. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள சிரக்கூசா நகரமும் பெருந்துறைமுகம் ஒன்றின் வாயில், கடலுக்குள் நீண்ட ஒர்த்தீஜியா என்னும் சிறுதீவில் தோன்றியது. அங்கு கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் எழுப்பிய அதீனாதேவியின் கோயில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் தேவாலயமாக மாற்றப்பட்டது. பழைய தூண்களின் இடைவெளிகள் சுவரால் அடைக்கப்பட்டன. 1693இன் நிலநடுக்கத்துக்குப்பின் புதிய முகப்பு கட்டப்பட்டது. இன்று அத்தேவாலயத்துக்குள் நடப்போர், சுவரில் பாதி புதைந்து நிற்கும் தடித்த கிரேக்கத் தூண்களைக் கையால் தொட்டுப் பார்க்கின்றனர். அங்கு வழிபடுவோரும் அத்தூண்களை மறைக்க முயல்வதில்லை. எந்தக் காலத்தையும் ஒளிக்காது காட்டுவதே அந்நகரின் பெருமையாகவும், அதன் சுற்றுலா வருவாய்க்கு அடிப்படையாகவும் அமைந்துள்ளது. கோணேச்சரத்தின் கற்கள் வன்முறையால் பெயர்க்கப்பட்டவை என்னும் வேறுபாடு பெரிது. ஆயினும் அவற்றை மறைக்காது, விளக்கி, காத்து, அனைவருக்கும் காட்டவேண்டும் என்பதில் இரு நகரங்களுக்கும் பொருந்தும் பாடம் ஒன்றே.

பயணத்தின் ஒழுங்கு

கொழும்பிலிருந்து இரவுப் புகைவண்டியிலோ, கந்தளாய் வழியாக வரும் பேருந்திலோ திருகோணமலையை அடையலாம்; அங்கிருந்து புல்மோட்டைப் பேருந்து குச்சவெளி வழியே செல்கின்றது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். இம்மாதங்களிலேயே புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும். இடையில் கச்சான் எனப்படும் வறண்ட மேல்காற்று வீசும் நாட்களில் நண்பகலைத் தவிர்த்து, காலையும் மாலையும் சுற்றிப்பார்ப்பது நன்று. ஒக்டோபர் முதல் சனவரி வரையான வாடைக்கால மழையில் களப்புகள் நிரம்பி வயல்கள் பசுமையாகும். கடலாடுவோருக்கு ஏற்றதன்றாயினும் நிலத்தின் அழகை விரும்புவோருக்கு அதுவே உகந்த காலம். குச்சவெளியில் தங்குவோர் முதல்நாளைக் கடற்பாறைக்கும் திரியாய்க்கும், அடுத்தநாளை நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும், அதற்கடுத்த நாளைக் கன்னியாவுக்கும் வெல்கத்துக்கும் ஒதுக்கி, இறுதியாக நகருக்கு வருவது பொருத்தமான வரிசை. காலைப் பிட்டும் மீன்சொதியும் சம்பலும், மதியத்தில் எறாலோ நண்டோ சேர்ந்த சோறும் இக்கரையில் எளிதில் கிடைக்கும். கோயில்களிலும் விகாரைகளிலும் பள்ளிவாசல்களிலும் உடலை மறைக்கும் உடையும் செருப்பில்லாக் காலும் எதிர்பார்க்கப்படுகின்றன. தொல்லிடப் பாறைகளில் எழுத்துகளின்மேல் ஏறி நிற்பதும், சுண்ணக்கட்டியால் அவற்றைத் தீட்டுவதும், தூபிகளில் அமர்ந்து படம் எடுப்பதும் முற்றாகத் தவிர்க்கப்படவேண்டியவை.

இக்கரையின் வரலாறு நிலைத்து வாழவேண்டுமாயின், குச்சவெளிப் பாறைக் கல்வெட்டு, திரியாய்க் கல்வெட்டு, நிலாவெளிக் கல்வெட்டு, வெல்கம் கல்வெட்டுகள், கோட்டைவாயிற் கல் ஆகியவற்றின் மூலமும் பொருளும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அந்தந்த இடத்திலேயே வைக்கப்படவேண்டும். குச்சவெளி, நிலாவெளி, திரியாய்ப் பாடசாலை மாணவர்கள் அவற்றைப் படித்து விளக்கும் பயிற்சியைப் பெறவேண்டும். வருவோருக்கு வழிகாட்டும் தொழில் அவ்வூர் இளைஞர்களுக்கே வாய்க்கவேண்டும். உயிர்கள் அனைத்தின் துன்பமும் நீங்க விரும்பிய வடமொழியாளரும், சிவன் கோயிலுக்கு நிலம் ஈந்த தமிழரும், புத்தர் பள்ளிக்குப் பசு ஈந்த தமிழரும் ஒரே கரையில் தம் சொற்களைக் கல்லில் விட்டுச் சென்றுள்ளனர். அவர்களுள் ஒருவரை மட்டும் ஏற்று மற்றவரை விலக்குவோர் இக்கரையின் வரலாற்றில் ஒரு பகுதியையே அறிவர். அனைவரையும் ஒருங்கே படிப்போருக்குத் திருகோணமலை உலகின் எந்த வரலாற்று நகருக்கும் நிகராக நிற்கும்.